ஆறு நகல் எடுத்துக் கொடுத்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

தங்கையின் புகாரை விசாரித்த மாவட்டக் குழுவின் அறிக்கை நேற்றுச் சாயங்காலம் கைக்கு வந்துவிட்டது. எங்கள் தங்கை நேற்று ராத்திரி விடியும்வரை அசையாமல் தூங்கினாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று உங்களுக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று இங்கே எழுதவில்லை. வேலை பார்க்கும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகாரில் உள்ளதையும், கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யார் என்பதையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆளை அடையாளம் காட்டாமல் நியாயம் கிடைத்தது என்று மட்டும் சொல்லலாம். கிடைத்தது. அதனால்தான் உங்கள் யாருடைய பெயரும் ஊரும் இந்த மடலில் இல்லை. படிக்கும்போது நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு.

பத்துப் பேருக்கும் குறைவாக வேலை பார்க்கிற பனியன் யூனிட்டில், இப்படிப்பட்ட புகாரைக் கம்பெனிக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு இருக்காது. பெரிய கம்பெனியாகவே இருந்தாலும், புகார் முதலாளி மேல் என்றால் அந்தக் குழு அதை விசாரிக்க முடியாது. இரண்டிலும் மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவுக்குத்தான் போக வேண்டும். அங்கே கட்டணம் ஒன்றும் இல்லை. வக்கீல் வைத்து வாதாட இரண்டு தரப்புக்கும் அனுமதி இல்லை. எழுதத் தெரியாவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும். இப்படி எல்லாம் யோசித்த சட்டத்தின் விதிகளில், ஏழாவது விதியில் ஒரு வரி இருக்கிறது: புகாரை ஆதாரங்களோடும், சாட்சிகளின் பெயர் முகவரியோடும் ஆறு நகல் கொடுக்க வேண்டும்.

புகார் 4 பக்கம், இணைப்பு 34 பக்கம். குழுவுக்கு ஆறு செட், நம் கையில் ஒன்று. ஆக 266 பக்கம். பக்கம் 2 ரூபாய் என்றால் 532 ரூபாய். கூலி நின்றுபோன ஒரு பெண்ணுக்கு அது ஒரு வாரத்து மளிகை. கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். அதை நம்பி உட்கார முடியாது. அன்றைக்கு நான்கு நாள்தான் பாக்கி இருந்தது.

அண்ணன் மூன்றாவது தாளிலேயே மிஷினை நிறுத்தினார். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் டார்க் மோடில் எடுத்தவை. நகலில் தாள் முழுக்கக் கருப்பு. எழுத்து ஒன்றும் தேறாது. "இது அவங்களுக்குப் படிக்க வராதுங்கக்கா, வெள்ளைக்கு மாத்தி மறுபடி எடுத்துட்டு வாங்க, கடையைத் திறந்தே வெச்சிருக்கேன்" என்றார். மாற்றும்போதுதான் இன்னும் இரண்டு தப்பு கண்ணில் பட்டது. அனுப்பியவரின் போன் எண்ணைப் பெயர் போட்டு சேமித்திருந்ததால் படத்தில் பெயர் மட்டும் தெரிந்தது, எண் இல்லை. அந்த எண் காட்டும் பக்கத்தையும் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். அடுத்தது தேதி. புதிய செய்திகளுக்கு மேல் 'இன்று', 'நேற்று' என்றுதான் இருக்கும். தேதியும் மணியும் ஒவ்வொரு வரியிலும் வர, முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து அச்சடித்து ஸ்கிரீன்ஷாட்டோடு வைக்க வேண்டும். போனில் உள்ள மூலத்தை விசாரணை முடியும்வரை அழிக்கவே கூடாது.

திரும்பிப் போனபோது மணி ஒன்பதரை. பக்கத்துக் கடைகள் ஷட்டர் இறக்கியாகிவிட்டது. அவர் கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வேறு யாரும் உள்ளே வராதபடி பெஞ்சைக் குறுக்கே போட்டிருந்தார். ஒரு செட்டில் ஒரு பக்கம் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக நகல் எடுப்பதற்கு முன்பே எல்லாத் தாளிலும் பக்க எண் போடச் சொன்னார். பைல் குத்த இடது ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டார். வெளுத்துப்போன ஏடிஎம் சீட்டை மட்டும் அடர்த்தி கூட்டி மூன்று முறை முயன்று எடுத்தார். ஏழு செட்டையும் தனித்தனியாக எண்ணி, டேக் கயிறு கோத்து, உறைமேல் பெயர் எழுதாமல் 1 முதல் 7 வரை எண் மட்டும் போட்டார்.

நெஞ்சில் நிற்பது அதற்கப்புறம் செய்ததுதான். கெட்டுப்போன நகல்கள் அத்தனையையும் பொறுக்கி எங்கள் கையிலேயே கொடுத்தார். நாங்கள் அனுப்பிய பைல்களைக் கடை வாட்ஸ்அப்பிலும், டவுன்லோட்ஸிலும், ரீசைக்கிள் பின்னிலும் தங்கை பார்க்கும்படி அழித்துக் காட்டினார். இதை யாரும் கேட்கவில்லை. ரகசியத்தை உடைத்தால் வரும் 5,000 ரூபாய் அபராதம், புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான். நகல் எடுப்பவருக்கு அப்படி ஒரு பொறுப்பைச் சட்டம் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். காசும் வாங்கவில்லை.

அந்த ஏழாவது உறையில்தான் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் வாங்கினோம். ஏழு வேலை நாளில் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும், கிடைத்ததிலிருந்து பத்து வேலை நாளில் பதில் வர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். இதையெல்லாம் கேட்கும்போது கையில் இருந்தது அந்த முத்திரைதான்.

சாட்சி சொன்ன அக்கா இரண்டு பேருக்கும், தங்கள் முகவரியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த தைரியத்துக்காகக் கும்பிடுகிறோம். தலைமை என்ற சொல்லை நாங்கள் இனி உங்களை நினைத்துத்தான் சொல்வோம். வாடகை கேட்காமல் பொறுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், புகாரை வரி வரியாகத் திருத்திய டீச்சருக்கும், விசாரணை நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்கும், பஸ் காசு அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. 1992-இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய், அதற்காகவே கொடுமைப்படுத்தப்பட்ட பன்வாரி தேவியையும் இங்கே நினைக்கிறோம். அவருக்கு நேர்ந்ததிலிருந்துதான் 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து இந்தச் சட்டம் வந்தது.

உதவ நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். தையல் மிஷினும் கருத்தரங்கும் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். விசாரணைக்குப் போகிற நாளின் கூலிக்கும், பஸ்ஸுக்கும், நகலுக்கும் கொடுக்க ஆள் இல்லை. புகார்கள் பாதியில் நிற்க அதுவும் ஒரு காரணம்.

இன்றிலிருந்து எங்களிடம் 'நகல் காசு' என்று ஒரு தகர டப்பா இருக்கும். அதில் எப்போதும் 600 ரூபாய் குறையாமல் வைப்போம். எடுத்தால் அந்த வாரமே நிரப்புவோம்.

அண்ணா, திங்கட்கிழமை இன்னொரு அக்காவோடு வருகிறோம். 41 பக்கம். இந்தத் தடவை பேப்பர் விலையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.