கணேசனுக்கு: அப்பாவின் டிவிடி பற்றி

மடிப்பாக்கம், சென்னை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எழுதினாய் போலிருக்கிறது, இரண்டாம் பக்கம் முழுக்க மஞ்சள் கறை. வாசனையும் அப்படியே வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். மெட்ரோ வேலைதான் முடிந்தபாடில்லை. மேடவாக்கம் மெயின் ரோடு நெடுகத் தூணாக நிற்கிறது. கீழ்க்கட்டளைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதே ஒரு நாள் வேலை என்று வீட்டில் சொல்கிறாள். ரயில் ஓடும்போது நான் இருந்தால் முதல் டிக்கெட் எனக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குத் திருக்கடையூரில் நடந்த சதாபிஷேகத்தின் டிவிடி ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் பேச ஆரம்பிக்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. உங்கள் ஊர்க் கடைக்காரர் "ஏஐயில் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன் சார்" என்றாராம். கொடுக்கலாமா என்று என்னைக் கேட்கிறாய்.

கொடுக்காதே. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

2014 ஏப்ரல் 18 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஃபால்கன் 9 ராக்கெட்டில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு அனுப்பியது. சரக்கு மேலே போய்ச் சேர்ந்தது பெரிய செய்தி இல்லை. ராக்கெட்டின் கீழ்ப்பகுதி, வழக்கமாகக் கடலில் விழுந்து நொறுங்குகிற பகுதி, அந்தத் தடவை இன்ஜினை மறுபடி எரித்து வேகத்தைக் குறைத்து, நாலு காலையும் விரித்து, அட்லாண்டிக் கடல்மேல் நேராக நின்றபடி இறங்கியது. தண்ணீரைத் தொட்ட பிறகும் 8 விநாடி அதன் கணினிகள் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன, ராக்கெட் சாய்ந்து படுத்ததும் நின்றுபோயின என்று ஈலான் மஸ்க் அப்போது சொன்னார். கடல் ஏகக் கொந்தளிப்பு. முழு ராக்கெட்டாக எதுவும் கைக்கு வரவில்லை. கண்ணால் பார்க்க மிச்சமிருந்தது ராக்கெட்டின் உடம்பில் பொருத்தியிருந்த கேமரா அனுப்பிய வீடியோ மட்டும். அதுவும் பலவீனமான சிக்னலில் வந்து சிதறிப் போயிருந்தது. திறந்து பார்த்தால் சாம்பல் திட்டுகளும் பச்சைக் கோடுகளும்தான்.

அவர்கள் தாங்களே கொஞ்சம் சரி செய்து பார்த்தார்கள். பிறகு ஏப்ரல் கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பழுதான மூலக் கோப்பை அப்படியே இணையத்தில் வைத்து, முடிந்தவர்கள் சரி செய்யுங்கள் என்று கேட்டுவிட்டார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது. நான் அப்போது இன்னும் வேலையில் இருந்தேன். இரவில் சாப்பிட்டுவிட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பேன். டெலிபோன் டிரான்ஸ்மிஷனில் வேலை பார்த்த உனக்கு இது பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வீடியோ 188 பைட் கொண்ட பொட்டலங்களாக வந்தது. ஒவ்வொரு பொட்டலமும் 71 என்ற எண்ணில் தொடங்க வேண்டும் என்பது விதி. நம் 2 எம்பி டெலிபோன் லைனில் அலைன்மென்ட் போனால், அதாவது எது எங்கே தொடங்குகிறது என்பது தவறிப்போனால், டைம்ஸ்லாட் ஜீரோவில் 0011011 என்ற அடையாள வரிசை எங்கே என்று தேடுவோமே, அதே வேலைதான். முதலில் பொட்டலங்களின் தலைப்பை ஒழுங்கு செய்தார்கள். எது எந்த வரிசையில் வர வேண்டும், எது காணாமல் போனது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இது சுலபமான பகுதி.

கஷ்டம் அதற்கப்புறம். வீடியோவில் எல்லா பிரேமும் முழுப் படம் இல்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும், அதற்குப் பின்னால் வருபவை "முன் படத்திலிருந்து இது இது மாறியது" என்று மட்டும் சொல்லும். முழுப் படம் கெட்டால் அதை நம்பி வருகிற அத்தனையும் கெட்டது. அந்த முழுப் படத்துக்குள்ளேயும் 16க்கு 16 புள்ளிகளாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்தையும் தனியாக எழுதுவதில்லை, பக்கத்துக் கட்டத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எழுதுகிறார்கள். பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்துப் பரிமாறுகிற ஆள் மாதிரி. ஒரு இலையில் தப்பாக வைத்தால் வரிசை முழுக்கத் தப்பு. போதாததற்கு, ஒவ்வொரு தகவலுக்கும் எத்தனை பிட் என்பது நிரந்தரம் இல்லை. ஒன்று இரண்டு பிட்டில் முடியும், இன்னொன்று பத்துக்கு மேல் போகும். நடுவில் ஒரே ஒரு பிட் புரண்டாலும், அதாவது 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 வந்தாலும், அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே கணினிக்குத் தெரியாமல் போகும்.

இதை அவர்கள் கையால் சரி செய்தார்கள், கணேசா! ஒரு பிரேமை எடுத்துக்கொள்வது, எந்தக் கட்டத்தில் படம் கெட ஆரம்பிக்கிறது என்று பார்ப்பது, அதற்கான பிட்டுகளில் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது, சரியாகாவிட்டால் அடுத்ததைப் புரட்டுவது. சில இடத்தில் அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டு, அடுத்த நல்ல கட்டம் எந்த பிட்டில் ஆரம்பிக்கிறது என்று தேடிப் பிடிப்பது. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் அதற்கென்று ஒரு கருவியே செய்து இணையத்தில் வைத்தார்கள். எழுதத் தெரியாதவன்கூட எண்களை மாற்றிப் போட்டுப் படம் என்ன ஆகிறது என்று உடனே பார்க்கலாம். ஆளுக்கொரு பிரேமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் தூங்கப் போகும்போது இன்னொரு நாட்டில் இன்னொருவர் காபியோடு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் மாறும்போது நாம் ரிஜிஸ்டரில் எழுதி வைத்துவிட்டு வருவோமே, அந்த ஒழுங்கு அங்கே யாரும் சொல்லாமலே வந்துவிட்டது. மே மாதத்துக்குள் ராக்கெட்டின் கால்கள் விரிவதும், கீழே கடல் நெருங்குவதும் கண்ணுக்குத் தெரிகிற படமாக வந்தது.

கண்ணால் பார்த்து இது சரி என்று முடிவு செய்கிறார்களே, இதுவும் ஒரு ஊகம்தானே என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தப்பான பிட்டைப் புரட்டினால் பின்னால் வருகிற கட்டங்கள் இன்னும் மோசமாகக் குழம்பும். சரியான பிட்டைப் புரட்டினால், யாரும் கை வைக்காத கட்டங்கள் வரிசையாகத் தாமாகவே சரியாகிவிடும். நீ நினைத்தது சரியா இல்லையா என்று கோப்பே பதில் சொல்கிறது. எந்தத் தகவலும் மிச்சமில்லாத இடத்தை அப்படியே பழுதாக விட்டார்கள். கடைசிப் படத்திலும் திட்டுகள் உண்டு.

உங்கள் ஊர்க் கடைக்காரர் செய்யப் போவதற்கு அப்படிப் பதில் சொல்ல எதுவும் கிடையாது. அந்த மென்பொருள் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது. அப்பா முகத்தில் கட்டம் விழுந்த இடத்தில், ஒரு முதியவருக்கு முகம் எப்படி இருக்கும் என்று அதற்குத் தோன்றுகிறதோ அதை வரைந்து வைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். போன வருடம் என் மைத்துனன் அவர்கள் பாட்டியின் பழைய போட்டோவை இப்படிக் கொடுத்து வாங்கி வந்தான். பாட்டிக்கு அம்மைத் தழும்பு போய்விட்டது, பல்வரிசை வந்துவிட்டது. மாலை போட்டுக் கூடத்தில் மாட்டியும் விட்டார்கள். யாரோ ஒரு பாட்டி! நான் வாயைத் திறக்கவில்லை, விருந்துக்குப் போன இடத்தில் வம்பு எதற்கு. ஆனால் உன் அப்பாவுக்கு அது நடக்கக் கூடாது. அவர் ஒரு பக்கம் உதட்டைக் கோணிக்கொண்டு கிண்டலடிப்பாரே, அதை எந்த மென்பொருள் வரையும்?

மூலத்தை அப்படியே வெளியில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலாவில் விழுந்ததே, நினைவிருக்கிறதா? நிலாவைச் சுற்றி வரும் தன் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படத்தை நாசாச் செப்டம்பர் 26 அன்று எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்து நாசாவுக்கு எழுதினார். அவர்கள் மறுபடி படமெடுத்துப் பார்த்து, டிசம்பரில் அது விக்ரமின் சிதறல்தான் என்று அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். ஒரே ஒரு புள்ளி. நாசாவில் யாராவது அந்தப் படத்தை அழகுபடுத்தி, "தூசு" நீக்கி வெளியிட்டிருந்தால் அந்தப் புள்ளி இருந்திருக்குமா?

இனி உன் டிவிடி. ராக்கெட் வீடியோவுக்குச் செய்த பிட் புரட்டுகிற வித்தை உனக்கு உதவாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சின்னக் கீறல் என்றால் டிரைவே சரி செய்துவிடும். அதன் சக்திக்கு மீறினால் 32 கிலோபைட் கொண்ட ஒரு துண்டு மொத்தமாகப் போய்விடும். புரட்டிப் பார்க்க அங்கே பிட்டே கிடையாது. நல்ல விஷயம், டிவிடியில் 15 பிரேமுக்குள் ஒரு முழுப் படம் வந்தாக வேண்டும். அதனால் ஒரு துண்டு போனால் கெடுவது அரை விநாடி சொச்சம்தான். படம் நின்றுபோவதற்குக் காரணம், படிக்க முடியாத இடத்திலேயே பிளேயர் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருப்பது.

உனக்கு உதவப் போவது கூட்டம். அந்த வீடியோக்காரர் அன்றைக்கு உங்கள் குடும்பத்துக்கு எத்தனை டிவிடி கொடுத்தார்? அண்ணன் தங்கைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று என்று நினைவு. எனக்கும் ஒன்று கொடுத்தாய், அது டிசம்பர் 2015 வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டோடு போனது. மற்றவை எங்கேயாவது இருக்கும். எல்லாத் தட்டுக்கும் ஒரே இடத்தில் கீறல் விழுந்திருக்காது. டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. ஒரு தட்டைப் போட்டால் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அடுத்த தட்டைப் போட்டால் அந்த விட்டுப்போன இடங்களை மட்டும் அதிலிருந்து படித்து நிரப்பும். எல்லாத் தட்டும் ஒரே மூலத்திலிருந்து பதிவு செய்தவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

அதனால் மஸ்கட்டில் இருக்கும் உன் தம்பிக்கும், காரைக்குடித் தங்கைக்கும், பெங்களூர் அண்ணிக்கும் இன்றைக்கே போன் போடு. ஓடாத தட்டாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல். யாரும் வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பக் கூடாது, அது சுருக்கிக் கெடுத்துவிடும். தட்டையே கூரியரில் அனுப்பச் சொல். டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று யாராவது கிளம்புவார்கள், தடுத்துவிடு. துடைத்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கட்டும், வட்டமாக வேண்டாம். உன் தட்டை இனிமேல் பிளேயரில் போட்டுப் பார்ப்பதை நிறுத்து.

எல்லாம் வந்து சேர்ந்ததும் எனக்கு அனுப்பு. ரிச்சி தெருவில் நாலைந்து பழைய டிவிடி டிரைவ் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், இது அனுபவத்தில் கண்டது. இரண்டு பையன்கள் இணையம் வழியாகவே எனக்கு உதவுகிறார்கள், ஒருவன் மதுரை, இன்னொருவன் கோலாலம்பூர். தட்டுகளிலிருந்து அப்படியே எடுத்த மூலக் கோப்பை அவர்களுக்கும் ஒரு காப்பி கொடுக்கலாமா என்று உன் தங்கையிடம் கேட்டுச் சொல். குடும்ப விஷயம், நீங்கள் சம்மதித்தால்தான்.

எல்லாத் தட்டிலும் போன இடம் போனதாகவே இருந்தால் அங்கே கறுப்பாகத்தான் விடுவேன். சண்டைக்கு வராதே.

அக்காவின் கல்யாண விஎச்எஸ் கேசட் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது. டேப் ஹெட்டிலிருந்து வருகிற மூல சிக்னலையே நேராகப் பிடித்து, விசிஆர் செய்கிற வேலையை மென்பொருளில் செய்கிறார்கள். இப்போதைக்குக் கேசட்டில் பூஞ்சை வெள்ளையாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து வை. தெரிந்தால் விசிஆரில் போடாதே, ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டும் கெடும்.

தைக்கு மேல் வருகிறேன் என்றாய். மாம்பலத்தில் இறங்காதே, தாம்பரத்தில் இறங்கு, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்

பி.கு.: எது யாருடைய தட்டு என்று அடையாளம் தெரிய வேண்டும். பேனாவால் தட்டின்மேல் எழுதாமல் உறையின்மேல் எழுதச் சொல்.