சிக்னல் சாலையில் ரேஸ் கிளட்ச்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தினசரி ஓட்டும் காருக்கு ரேஸ் கிளட்ச் (பந்தயத்துக்குச் செய்த, அதிகம் தாங்கும் கிளட்ச்) போடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பிக்கப் கூடும், பவர் வீணாகாது’ என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பி யாராவது கார் பாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்புவதற்குள் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கிளட்ச் மாற்றினால் பிக்கப் கூடாது. சிலிப் ஆகாத (வழுக்காத) எந்தக் கிளட்சும், கம்பெனியில் வந்ததோ பந்தயத்துக்குச் செய்ததோ, இன்ஜின் தரும் டார்க்கை (சுழற்றும் விசையை) முழுதாகத்தான் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிறது. மாற்றிய பிறகு வண்டி ‘லேசாகிவிட்டது’ என்று சிலர் சொல்வதற்குக் காரணம், கூடவே போட்ட எடை குறைந்த ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும், கிளட்ச் பிளேட் உரசும் சக்கரம்). முதல் இரண்டு கியரில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) சட்டென்று ஏறும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஏசி கம்ப்ரசர் ஆன் ஆனதும் இன்ஜின் குலுங்குவதும், சில வண்டிகளில் ஆஃப் ஆகிவிடுவதும் அதே ஃப்ளைவீலால்தான். சென்னையில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்?

முதலில், இருக்கும் கிளட்ச் சிலிப் ஆகிறதா என்று பாருங்கள். காலியான, நேரான சாலையில் நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் சிலிப். இரண்டும் சேர்ந்தே ஏறினால் கிளட்சில் குறை இல்லை, பணம் மிச்சம். சிலிப் ஆனாலும் உடனே ரேஸ் கிளட்ச் தேட வேண்டாம். பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங் தேய்ந்திருக்கலாம், கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீல் ஒழுகிப் பிளேட் நனைந்திருக்கலாம், கேபிள் கிளட்சாக இருந்தால் ஃப்ரீ பிளே (சற்றுத் தளர்வு) இல்லாமல் இழுத்துக் கட்டியிருக்கலாம். கேபிளைத் தளர்த்தினால், ஒழுகும் சீலை மாற்றினால், தேய்ந்ததற்கும் நனைந்ததற்கும் ஸ்டாக் (கம்பெனி) செட்டே போதும்.

ஒரு கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் தகடு) அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வுக் கெழு, லைனிங்கின் சராசரி ஆரம், உரசும் பக்கங்களின் எண்ணிக்கை, இந்த நான்கையும் பெருக்க வேண்டியதுதான். வெளி விட்டம் 215, உள் விட்டம் 145 மில்லிமீட்டர் உள்ள பிளேட்டுக்குச் சராசரி ஆரம் 9 செ.மீ. விசை 5,000 நியூட்டன் (ஏறத்தாழ 500 கிலோ அழுத்தம்), சாதாரண கார்களில் வரும் ஆர்கானிக் லைனிங்கின் கெழு 0.3, பக்கங்கள் இரண்டு என்று வைத்துப் பெருக்கினால் 270 நியூட்டன் மீட்டர் டார்க் வரும். இதை ஏற்ற நான்கு வழிதான். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் பெடல் கனத்து இடது முழங்கால் அழும். செராமிக் லைனிங் போட்டால் கெழு ஏறும், மென்மை போகும். ஆரத்தைக் கூட்ட, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் இடம் இருக்காது. இரட்டை பிளேட் போட்டால் உரசும் பக்கம் நான்காகி, அதே அழுத்தத்தில் 540 வரும். அங்கே பர்ஸ் அழும்.

உதாரணத்துக்கு, 190 நியூட்டன் மீட்டர் தரும் 1.3 டீசல் ஸ்விஃப்டை ரீமேப் செய்து (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றி) 240 ஆக்கியதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 20 முதல் 25 சதவீதம் கூட்டி, 290 - 300 தாங்கும் கிளட்ச் எடுத்தால் தாராளம். முழு வட்ட ஆர்கானிக் லைனிங், அதிர்வைத் தணிக்கும் டாம்பர் ஸ்பிரிங் உள்ள ஹப் (பிளேட்டின் நடுப்பகுதி), ஸ்டாக்கைவிடச் சற்றே கடினமான பிரஷர் பிளேட், இவ்வளவு போதும். 500 தாங்கும் செட்டை வாங்கிப் போடுவதால் ஒரு லாபமும் இல்லை. ‘ஸ்டேஜ் 2’, ‘ஸ்டேஜ் 3’ என்று பெட்டியில் போட்டிருப்பது ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொண்ட எண். ஒருவருடைய 2 இன்னொருவருடைய 3 ஆக இருக்கும். கடையில் கேட்க வேண்டியவை: எத்தனை நியூட்டன் மீட்டர், லைனிங் என்ன, ஹப்பில் ஸ்பிரிங் உண்டா, பெடல் எவ்வளவு கனக்கும். தங்கள் இதழும் இனி ஸ்டேஜ் எண்ணை விட்டுவிட்டு இவற்றை அச்சிட்டால் நல்லது.

இனி கட்டுரை புகழ்ந்த ஆறு துண்டு (முழு வட்ட லைனிங்குக்குப் பதில் தனித்தனித் துண்டுகள் பதித்த) செராமிக் பிளேட்டுக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அது ராஜா. பந்தயத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் ஓட்டத்தில் கியர் மாற்றுவது. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்குக் கிளம்புவதும் நிற்பதும்தான் ஓட்டமே. ஆர்கானிக் பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும். பெடலை விடும்போது அது மெல்ல அமுங்குவதால்தான் நமக்கு ‘ஹாஃப் கிளட்ச்’ கிடைக்கிறது. செராமிக் துண்டு பிளேட்டுகள் பெரும்பாலானவற்றில் அந்தத் தகடு கிடையாது. பிடித்தால் பிடி, விட்டால் விடுதல். இன்ஜின் ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஓட்டுபவர் 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பெடலை விடுவார். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் கியரில் 1,000 ஆர்பிஎம்முக்கு 7.5 கி.மீ. வேகம் என்று கொண்டால், 1,500-ல் கிளம்பும் வண்டியில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வேகம் 11 கி.மீ.; 3,000-ல் கிளம்பினால் 22. சமதரையில், ஆர்பிஎம் மாறாமல் கிளம்பினால், கிளட்சில் வெப்பமாகும் ஆற்றல் அந்த நேரத்தில் வண்டி பெற்ற இயக்க ஆற்றலுக்குச் சமம். 1,100 கிலோ வண்டிக்கு அது முதல் வகையில் சுமார் 5 கிலோ ஜூல், இரண்டாவது வகையில் 20. ஆர்பிஎம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. செராமிக் அந்தச் சூட்டைத் தாங்கிவிடும்; ஃப்ளைவீல் தாங்காது. உரசும் முகத்தில் நீலத் திட்டுகள் விழும், பிறகு முடி அளவு வெடிப்புகள், அப்புறம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வண்டி உதறும். உதறலுக்கு இன்ஜின் மவுண்டிங் மாற்றிப் பார்த்து, அதுவும் தீராமல் மறுபடி கியர்பாக்ஸை இறக்குவார்கள்.

கடினமான பிரஷர் பிளேட்டின் விலையைக் கொடுப்பவை வேறு பாகங்கள். பெடல் விசையைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ரிலீஸ் பேரிங், ஃபோர்க், ஸ்லேவ் சிலிண்டர் சீல் சீக்கிரம் போகும். எஸ்டீம், ஜென் போன்ற கேபிள் வண்டிகளில் பெடல் பக்க முனையில் கேபிளின் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலே லேசாக வளைவதும் உண்டு. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க்கை முன்னால் தள்ளுகிறது. அதைத் தாங்குவது த்ரஸ்ட் வாஷர் மட்டும். சிக்னல் முழுக்கக் கியரில் போட்டு பெடலை அமுக்கிக்கொண்டே நிற்பவர்களுக்கு அது தேயும். கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; பெரும்பாலான இன்ஜின்களில் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை அனுமதி, அந்தந்த மேனுவல் சொல்வதே கணக்கு. ஸ்பிரிங் இல்லாத சாலிட் ஹப் என்றால் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்று அடிக்கும். பெடலை மிதித்ததும் அந்தச் சத்தம் நின்றால் ஹப் அல்லது இன்புட் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங்.

பொருத்தும் வேலையில் அவசரம் காட்டும் பட்டறைகள் அதிகம். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தைச் சீர்செய்யாமல் புது பிளேட் போடக் கூடாது. டயல் கேஜில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் உதறல் நிச்சயம். படி வைத்த (உரசும் முகமும் போல்ட் முகமும் வெவ்வேறு மட்டத்தில் உள்ள) ஃப்ளைவீலாக இருந்தால் உரசும் முகத்தைச் சீவிய அளவு போல்ட் முகத்தையும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்துவிடும். புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைனில் (கியர்பாக்ஸ் தண்டின் பற்களில்) கிரீஸ் கடுகளவு போதும். வாரிப் பூசினால் லைனிங்கில் தெறிக்கும். பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் டூல் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். எம்8 போல்ட்டுக்குப் பொதுவாக 20 - 25 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடையை பிளேட்டின் ஹப்பில் தொங்கவிட்டால் ஹப் வளையும், பிறகு கிளட்ச் விடாது, ரிவர்ஸ் கியர் கறகறக்கும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க் சீலையும் இன்புட் சீலையும் மாற்றிவிடுங்கள். கூலிதான் பெரிது, சீல் விலை இல்லை. ஹைட்ராலிக் வண்டியில் ஃப்ளூயிடையும் புதிதாக்கிக் காற்று எடுக்க வேண்டும்.

புது ஆர்கானிக் லைனிங் பழக நகருக்குள் 500 முதல் 800 கி.மீ. ஓட வேண்டும். அதுவரை முழு ஆக்சிலரேட்டரும் ரப்பர் கருகக் கிளம்புவதும் வேண்டாம். ஓஎம்ஆர், ஜிஎஸ்டி சாலையில் ஒரே கியரில் ஓட்டிய தூரம் இந்தக் கணக்கில் சேராது. லைனிங் உரசினால்தானே பழகும்?

ஏற்கெனவே செராமிக் போட்டுவிட்டவர்கள் கிளட்சை ஊர்வதற்குப் பயன்படுத்தாமல் இருந்தால் பாதித் தொல்லை தீரும். முன் வண்டிக்கு இடைவெளி விட்டு நின்று, முதல் கியரில் ஐடிலிலேயே உருளவிடுங்கள். (இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையத்தான் செய்யும், ஃப்ளைவீலைவிட ஆட்டோ மலிவு.) கத்திப்பாரா ஏற்றத்திலும் மால் பார்க்கிங் சரிவிலும் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிற்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். சிக்னலில் நியூட்ரல், கால் தரையில்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. தேங்கிய சுரங்கப்பாதையில் இறங்கிய வண்டியின் பெல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகும். இரும்பு கலந்த சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் சுட்ட) துண்டுகள், நனைந்த வண்டி நாலைந்து நாள் நின்றால் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். பெடலை மிதித்தாலும் கியர் விழாது. கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்கு மழை இல்லாமலே இது நடக்கலாம். தண்ணீரில் போய் வந்தால் நிறுத்துவதற்கு முன் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து முறை மெல்லக் கிளம்பி நின்று சூட்டில் காயவிடுங்கள். ஞாயிறு மட்டும் எடுக்கும் வண்டியை நடுவில் ஒரு நாளாவது நகர்த்துங்கள்.

கழற்றிய ஸ்டாக் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும், முக்கியமாக ஃப்ளைவீலையும், பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். வண்டியை விற்கும்போது அவற்றைத் திரும்பப் போட வேண்டி வரும்; பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் அளவு ஒத்துப்போகும், தேய்மானம் ஒத்துப்போகாது.

இப்படிக்கு,
கிளட்ச், கியர்பாக்ஸ் வேலை செய்யும் வாசகர்,
அம்பத்தூர், சென்னை