நாயை ஒளித்து வைக்காதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அயனாவரம், சென்னை
5 ஜனவரி 2026

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் முழுக்க எங்கள் கடைக்கு நாய்த் தீனி வாங்க வந்தவர்களைவிடக் கேள்வி கேட்க வந்தவர்கள்தான் அதிகம். லைசென்ஸ் எடுக்காவிட்டால் நாயை வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டு போவார்களா, சிப் போட்டால் வலிக்குமா, எங்கள் வீட்டில் இருப்பது ராட்வைலர் இன நாய், இனி என்ன செய்வது? கல்லாவில் நின்றபடி அவசர அவசரமாகச் சொன்ன பதில்கள் எங்களுக்கே போதவில்லை. கடையிலும் சில விஷயங்களை மாற்றியிருக்கிறோம். ஏன் மாற்றினோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் 50 ரூபாய். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும், தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப் என்ற சின்ன அடையாளச் சில்லும் வேண்டும். கடைசி நாள் நவம்பர் 24 என்றார்கள். அது டிசம்பர் 7 ஆகி, பிறகு டிசம்பர் 14 ஆனது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், பிட்புல், ராட்வைலர் ஆகிய இரண்டு நாய் இனங்களுக்கும் டிசம்பர் 20 முதல் புது உரிமம் கிடையாது, மீறினால் 1 லட்சம் ரூபாய் என்று மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. ஏற்கெனவே உரிமம் வாங்கிய பிட்புல், ராட்வைலர்களை வெளியே கூட்டி வரும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம்.

இதைப் பற்றி ஊரே இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. எங்கள் தெருவிலேயே பார்க்கிறோம். நாய் வளர்ப்பவர்கள், "தெருநாயைப் பிடிக்க வக்கில்லை, எங்களிடம் வருகிறார்கள்" என்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா, "உங்க கடை வாசல்ல நாய் நின்னா நான் புள்ளைய தூக்கிட்டு அந்தப் பக்கமா போறேன்" என்கிறார். ஒரு வருடத்துக்கு முன், கயிறில்லாமல் வந்த ஒரு லேப் (லாப்ரடார் நாய்) அவர் மகனைத் துரத்தியது. கடிக்கவில்லை. வளர்ப்பவர், "அது ஒண்ணும் பண்ணாது, சும்மா விளையாடுது" என்றார். அந்தப் பையன் இன்னும் எங்கள் கடைப்பக்கம் தனியாக வருவதில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை நாம் எல்லோரும் எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

தெருநாய்ப் பிரச்சினை பெரியது, மறுக்கவில்லை. ஆனால் 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியவை வீட்டில் வளர்ந்த இரண்டு ராட்வைலர்கள். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் உயிரிழந்தது வீட்டில் வளர்த்த பிட்புல் கடித்து. இரண்டுக்கும் வளர்ப்பவர் இருந்தார். தெருநாயைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே உரிமம், தடுப்பூசி, சிப், கயிறு ஆகிய நான்கையும் நாங்கள் மனமார ஏற்கிறோம். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். குட்டிக்கு மூன்று மாதத்தில் ஓர் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் மறு ஊசி, வருடத்துக்கு ஒன்று என்று போட்டுவந்தால் போதும். அதைச் சட்டம் கட்டாயமாக்கியதில் நமக்கு என்ன வருத்தம்?

இனத்தின் பெயரைச் சொல்லித் தடுப்பதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமலே முடிவெடுத்தது ஒரு காரணம். இப்போது சென்னையில் அதே பேச்சு வேறு வடிவில் வந்திருக்கிறது. பிட்புல்லுக்குத் தடை என்றால் விற்பவர் நாளைக்கே "இது கிராஸ் சார், லேப் கிராஸ்" என்பார். முகத்தை மட்டும் பார்த்து எது என்ன கலப்பு என்று எங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இத்தனை வருடமாக நாய்களோடு இருக்கிறோம்.

இனி நடக்கப்போவதை நினைத்தால்தான் எங்களுக்குப் பயம். போன வாரம் ஒருவர் வந்தார். வழக்கமாக மாதத்துக்கு ஒரு மூட்டை தீனி வாங்குபவர். குரலைத் தாழ்த்தி, "எங்கேயாவது செங்கல்பட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாமாண்ணா?" என்று கேட்டார். அவரிடம் இருப்பது ஏழு வயது ராட்வைலர், பெண். உரிமம் எடுக்காமல் தேதியைத் தவறவிட்டுவிட்டார். அபராதத்தை நினைத்துத் தூக்கம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், நாயைத் தெருவில் கைவிட்டால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இன்றும் அதேதான். ஒரு பக்கம் 50 ரூபாய், இன்னொரு பக்கம் 1 லட்சம். பயந்துபோன மனிதர் எந்தப் பக்கம் போவார்?

விடாதவர்கள் ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்த நாயை வெளியே நடக்கக் கூட்டிப் போக முடியாது. டாக்டரிடம் காட்ட முடியாது, ஊசி போட முடியாது. நாள் முழுக்க மொட்டை மாடியிலோ பாத்ரூமிலோ கட்டிப் போட்ட நாய், அதுவரை சாதுவாக இருந்திருந்தாலும், ஒரு நாள் கதவு திறந்தால் என்ன செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. பொதுமக்களைக் காப்பாற்ற வந்த விதியே அவர்கள் பக்கத்துவீட்டில் ஆபத்தை வளர்த்துவிடக் கூடாது. மாநகராட்சியிடம் நாங்கள் கேட்பதும் இதுதான்: ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாய்களைப் பதிவு செய்ய, பயமில்லாமல் வந்து சொல்ல, ஒரு வழியைத் திறந்து வையுங்கள்.

அந்த வாடிக்கையாளரிடம், நாயைக் கைவிட வேண்டாம் என்றோம். அவரே மாநகராட்சிக்குப் போய் உண்மையைச் சொல்வது என்று முடிவாயிற்று. நாங்களும் கூடப் போகிறோம்.

இப்போது எங்கள் தவறு. நான்கு வருடமாகக் கடைச் சுவரில் ஒரு பலகை இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'குட்டிகள் கிடைக்கும், விசாரிக்கவும்' என்று எழுதியிருப்போம். யார் கேட்டாலும் விற்பவர் நம்பரைக் கொடுத்தோம். இரண்டாவது மாடியில் ஒற்றை பெட்ரூமில் இருப்பவர் ராட்வைலர் கேட்டபோதும் கொடுத்தோம். "வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, விற்கும் முன்பே சிப் போட வேண்டும். இதையெல்லாம் நாங்கள் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. தப்பு. பலகையைக் கழற்றிவிட்டோம். இனி எந்த இனத்துக்கும் நம்பர் கொடுக்க மாட்டோம்.

அப்புறம் வாய்மூடி. நைலான் துணியில் உறை மாதிரி வரும் வாய்மூடியை 150 ரூபாய்க்கு விற்றுவந்தோம். டிசம்பரில் அதற்குத்தான் ஓட்டமான ஓட்டம். அதை நிறுத்திவிட்டோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. துணி உறை வாயை இறுக்கிக் கட்டிவிடும். டாக்டரிடம் ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்கு அது சரி. சென்னை வெயிலில் அதை மாட்டி நடக்கவிட்டால் மயங்கி விழும். வாந்தி வந்தால் மூச்சே அடைத்துப்போகும்.

வெளியே போக, கூடை மாதிரி இருக்கும் வாய்மூடிதான் வேண்டும். உள்ளே வாயைத் திறக்கலாம், நாக்கை நீட்டலாம், தண்ணீரும் குடிக்கலாம், கடிக்க மட்டும் முடியாது. விலை கூடத்தான். ஆனால் கண்ணளவில் பார்த்து வாங்காதீர்கள். கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே மூக்கைச் சுற்றி ஒரு அளவு, அங்கிருந்து மூக்கு நுனி வரை நீளம் ஒரு அளவு எடுத்து வாருங்கள், அல்லது நாயையே கூட்டி வாருங்கள், நாங்கள் அளந்து தருகிறோம். வாங்கிய அன்றே மாட்டிக் கூட்டிப் போகவும் வேண்டாம். கூடைக்குள் கொஞ்சம் தயிர் தடவிக் கையில் பிடியுங்கள். அதுவே மூக்கை நுழைக்கட்டும். வார் போடாமல் இரண்டு மூன்று நாள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் கூடையைப் பார்த்தாலே வாலாட்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இது பொருந்தாது, அவற்றுக்கு டாக்டரைக் கேளுங்கள்.

சிப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அதை வைத்து நாய் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்க முடியாது. அரிசி மணி அளவுதான், பேட்டரி கிடையாது, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மாதிரி போடுவார்கள். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் எண் தெரியும், உங்கள் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இருக்கும். ஆகவே வீடோ போன் நம்பரோ மாறினால் பதிவிலும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சிப் இருந்தும் பயனில்லை.

உரிமத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் மாலை 5 முதல் 8 மணி வரை கடையில் ஒருவர் இருப்பார். காசு வேண்டாம். உங்கள் அடையாள அட்டை, உங்கள் படம், நாயின் படம், ஊசி போட்ட சான்று இருந்தால் போதும். ஊசி போடாதவர்கள் திரு.வி.க. நகரிலோ புளியந்தோப்பிலோ உள்ள மாநகராட்சிச் செல்லப்பிராணி மருத்துவமனைக்குப் போய்வாருங்கள், நமக்கு அவைதான் பக்கம். கடை வாசலில் இனி கயிறில்லாத நாயை அனுமதிக்க மாட்டோம். பத்து வருடப் பழக்கமானாலும் அப்படித்தான். எதிர்வீட்டுப் பையனுக்காக.

ஜனவரி 14 போகி. விடியற்காலை மேளச் சத்தத்திலும் புகையிலும் மிரண்டு ஓடிப்போன நாய்களைத் தேடி ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேர் கடைக்கு வருகிறீர்கள். 13ஆம் தேதி இரவே உள்ளே கட்டி, கதவைச் சாத்திவிடுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிய தகடு இல்லாதவர்கள் அதற்கு முன் வாருங்கள், இந்த வாரம் முழுக்க இலவசமாக அடித்துத் தருகிறோம். போகியன்று காலை 6 மணிக்கே கடை திறந்திருக்கும். தெருவில் மிரண்டு நிற்கும் எந்த நாயைப் பார்த்தாலும், பிடிக்க முயலாமல் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையிலிருந்து