ஊருணி மேட்டில் வரும் வீட்டுமனைகள்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

ஊருணிக்கு மேற்கே பனங்காட்டில் மனைக் கல் ஊன்றியாச்சு, பார்த்திருப்பீர்கள். வீடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணமான நம் பிள்ளைகளே கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆனால் ஐந்தாவது கல் சரியாக வரத்துக்கால் நடுவில் நிற்கிறது. ஐப்பசி மழைத் தண்ணீர் ஊருணிக்கு வர அது ஒன்றுதான் வழி. அதை மூடினால் அடுத்த கோடையில் லாரித் தண்ணீர்தான்.

கூட்டம்: வரும் ஞாயிறு மாலை 5 மணி, ஊருணிக் கரை வேப்பமரத்தடி.

1. வீட்டுக்கு ஒருவராவது வரணும். பெண்கள் அவசியம் வாங்க, குடம் தூக்குவது நீங்கள்தானே.
2. பழைய பத்திரம், புலப்படம் இருந்தால் நகல் கொண்டு வரவும்.
3. கேட்கப்போவது: வரத்துக்கால் திறந்தே இருக்கணும், வலை உலர்த்தும் திடலும் கடலுக்குப் போகும் பாதையும் அப்படியே இருக்கணும், வீடுகள் ஒரு மாடிக்கு மேல் வேண்டாம். கடலோர ஒழுங்குமுறை விதிப்படி, ஊரகக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் அதிகமாக ஏறும் எல்லை) 500 மீட்டருக்குள் வீட்டுக்கு 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும்தான். கரையை ஒட்டிய பகுதிக்குக் கெடுபிடி இன்னும் அதிகம்.
4. மனைக்கு முன்பணம் கொடுத்தவர்களும் வாருங்கள். சண்டைக்கு இல்லை.

அப்புறம், அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். மனுவில் கையெழுத்து ஞாயிறே.

வருகிறவர்கள் சனி இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று போடவும். சவுதி, துபாயில் இருப்பவர்கள் குரல்பதிவு அனுப்பலாம். வெறும் கட்டைவிரல் படம் போட்டால் கணக்கில் வராது.