டெம்ப்லோ மாயோர் போகும் முன் கயலுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

ஆபீஸ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டெக் ஜனங்களின் பழைய பெரிய கோயிலான டெம்ப்லோ மாயோரைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்றாய். மனுசனை அறுத்த இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன். நீ மெக்சிகோ சிட்டிக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்த ஊரைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார் கண்ணு. கட்டாயம் பார்.

அறுத்தது உண்மைதான். அதை மூடி மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதே. 2015-இல், கதீட்ரலுக்குப் பின்னால் இருக்கும் குவாத்தமாலா தெருவில் ஒரு பழைய கட்டடத்துக்கு அடியில் தோண்டினார்கள். மண்டையோடுகளைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து வட்டமாக அடுக்கிய கோபுரம் வெளியே வந்தது. இதுவரை எண்ணியதே 600-க்கு மேல். அதில் பெண்களும் உண்டு, குழந்தைகளும் உண்டு. மழைக் கடவுள் ட்லாலோக்குக்குக் குழந்தைகளைத்தான் கொடுத்தார்கள். போகிற வழியில் குழந்தை அழுதால் மழை நன்றாகப் பெய்யும் என்று நம்பினார்கள். டெம்ப்லோ மாயோரில் ட்லாலோக்குக்கு உரிய பக்கத்தில் ஒரே குழியில் 42 குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. பிரசவ வார்டிலேயே காலம் கழித்தவள் நான். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

1487-இல் கோயிலைப் பெரிதாக்கித் திறந்தபோது 80,000 பேரைப் பலி கொடுத்ததாக ஒரு கணக்கு சுற்றுகிறது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. எண்ணிக்கை குறைந்தால் பாவம் குறைந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஜனத்தைப் பற்றிப் பேசும்போது கணக்கைக் கூட்டிச் சொல்லக்கூடாது.

சரி, ஏன் செய்தார்கள்? உள்ளே போனதும் முதலில் ட்லால்டெகுட்லியைத் தேடு. பூமித்தாய். 2006 அக்டோபரில் கிடைத்த ஒற்றைக் கல், ஏறக்குறைய 12 டன், நீளம் நான்கு மீட்டருக்கு மேல். நாலு துண்டாக உடைந்திருக்கிறது, நடுப்பகுதி இல்லை. காவிச் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். முட்டியை மடக்கி, கால்களை அகட்டிக் குந்தியிருக்கிறாள். பிள்ளை பெறும் நிலை என்றுதான் பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்த உடனே எனக்கும் அப்படித்தான் பட்டது. வார்டில் அந்த உட்காருதலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதே நேரம் அவள் வயிற்றிலிருந்து கிளம்பும் இரத்தம் அவள் வாய்க்கே போகிறது. பெறுகிறவளும் அவள்தான், குடிக்கிறவளும் அவள்தான்.

அவள் கதை இது. ஆதியில் கெட்சல்கோவாட்ல், டெஸ்கட்லிபோகா என்ற இரண்டு கடவுள்கள் அவளைப் பிடித்து இரண்டாகக் கிழித்தார்கள். ஒரு பாதி பூமியானது, மறுபாதி வானமானது. பட்ட கொடுமைக்கு ஈடாக மற்றக் கடவுள்கள் அவளுக்கு ஒரு வரம் கொடுத்தார்கள். மனுசன் உயிர் வாழத் தேவையானதெல்லாம் அவள் உடம்பிலிருந்தே வரும். முடியிலிருந்து மரமும் புல்லும், கண்ணிலிருந்து ஊற்றும் சுனையும். ஆனால் இராத்திரியில் அவள் அழுவாள். மனுச இதயம் கிடைக்கும் வரை அழுகை நிற்காது, இரத்தத்தில் நனையாமல் விளைச்சலும் தரமாட்டாள்.

சூரியனின் கதையும் இதே போக்குதான். இப்போது இருப்பது ஐந்தாவது சூரியன், முன்னால் இருந்த நாலும் அழிந்துவிட்டன. தெயோதிவாக்கான் என்ற இடத்தில் கடவுள்கள் கூடித் தீ மூட்டினார்கள். யாராவது அதில் குதித்துச் சூரியனாக வேண்டும். பகட்டாக வந்த டெக்சிஸ்டெகாட்ல் நாலு தடவை ஓடி வந்து நாலு தடவையும் பின்வாங்கினான். உடம்பெல்லாம் புண் பிடித்த ஏழைக் கடவுள் நனாவாட்சின் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டான். சூரியன் ஆனது அவன்தான். வெட்கப்பட்டுப் பின்னால் குதித்தவன் நிலா ஆனான். இரண்டு சூரியன் இருக்கக்கூடாது என்று அவன் முகத்தில் ஒரு முயலை வீசி அடித்தார்கள், வெளிச்சம் மங்கிப்போனது. நம் ஊரிலும் நிலாவில் முயலைத்தானே காட்டிச் சோறு ஊட்டினோம்? அவ்வளவு தூரத்தில் அவர்களும் அங்கே முயலையே பார்த்திருக்கிறார்கள். உதித்த சூரியன் அசையவில்லை. மற்றக் கடவுள்கள் எல்லாம் உயிரைக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.

இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு உலகமே ஒரு கடன். கடவுள்கள் முதலில் கொடுத்துவிட்டார்கள், நாம் திருப்பிக் கட்ட வேண்டும். பலி கொடுத்தது பூசாரிகள் மட்டும்தான் என்று நினைக்காதே. கற்றாழை முள்ளால் காது மடலையோ நாக்கையோ காலையோ குத்தித் தன் இரத்தத்தைத் தானே கொடுப்பது சாதாரண வீட்டிலும் நடந்தது. ஆனால் அந்தக் கடனைப் பெரும்பாலும் போரில் பிடித்த அடுத்த ஊர்க்காரனையும், விலைக்கு வாங்கிய அடிமையையும் வைத்துத்தான் கட்டினார்கள். எனக்கு ஆறாத இடம் அதுதான். பக்கத்து எதிரிகளான ட்லாஸ்கலா மக்கள் ஸ்பானியர்களோடு சேர்ந்துகொண்டு 1521-இல் ஆஸ்டெக் தலைநகரத்தை வீழ்த்தியதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

இனி உன்னிடம் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சகாகுன் என்ற ஸ்பானியத் துறவி 1529-இல் அங்கே போனவர். இவர்கள் கும்பிட்டதெல்லாம் பேய் என்று நம்பியவர். அப்படியிருந்தும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் மொழியான நவாட்ல் பேசும் மாணவர்களை வைத்து, அந்த மொழியிலேயே 12 புத்தகம் எழுதி வைத்தார். ஆறாவது புத்தகத்தில் பிரசவம் வருகிறது. அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மருத்துவச்சி கர்ப்பிணியை நீராவிக் குளியல் அறைக்குக் கூட்டிப்போய் வயிற்றை நீவி, பிள்ளையைத் திருப்பி நேராக வைப்பாள். வலி வந்து பிள்ளை இறங்காவிட்டால் சிவாபாட்லி என்ற செடியின் சாற்றைக் கொடுப்பாள். அதில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் சத்து இருப்பதை இந்தக் காலத்து ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சி போர்க்களத்தில் கத்துவதுபோல் கத்துவாள். தாய் போர் செய்து ஒரு சிறைக் கைதியைப் பிடித்து வந்துவிட்டாள் என்று அர்த்தம். வயிற்றிலேயே பிள்ளை இறந்துவிட்டால் எரிமலைக் கண்ணாடிக் கத்தியால் உள்ளே வெட்டி எடுத்துத் தாயைக் காப்பாற்றப் பார்ப்பாள். அந்த வேலையின் பாரம் என்னவென்று எனக்குத் தெரியும்.

தாய் இறந்துபோனால் அவள் தெய்வம். சாயங்காலம், சூரியன் இறங்கும் நேரத்தில், புருசன் அவளை முதுகில் சுமந்துகொண்டு கோயிலுக்குப் புதைக்கப் போவான். மருத்துவச்சிகளும் கிழவிகளும் கேடயத்தோடு கத்திக்கொண்டே சுற்றி நடப்பார்கள். ஏனென்றால் இளம் போர்வீரர்கள் பாய்ந்து வந்து அவளுடைய இடது கை நடுவிரலையும் முடியையும் பறிக்கப் பார்ப்பார்கள். கேடயத்தில் வைத்துக்கொண்டால் எதிரியின் கண் மறையும் என்று நம்பிக்கை. நாலு இராத்திரி புருசன் குழியைக் காவல் காப்பான். போரில் செத்த ஆண்கள் காலையிலிருந்து உச்சி வரை சூரியனைத் தூக்கிப் போவார்கள், உச்சியிலிருந்து அஸ்தமனம் வரை தூக்குவது இந்தப் பெண்கள். பால் குடிக்கும் வயதில் இறந்த குழந்தைகளுக்கும் தனி இடம் உண்டு. அங்கே ஒரு மரம், அதில் முலைகள் தொங்கும், குழந்தைகள் கீழே வாயைத் திறந்து பால் குடித்துக்கொண்டிருக்கும்.

பிரசவத்தில் செத்த எத்தனையோ பெண்களின் பெயர் ஒரு ரிஜிஸ்டரில் ஒரு வரியோடு முடிந்துபோனதை நான் பார்த்தவள். அவர்களுக்குச் சூரியனைச் சுமக்கும் மரியாதை கொடுத்த ஒரு ஜனத்தை, வெறும் கொலைகாரக் கூட்டம் என்று என் மகள் சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மழைக்காகக் குழந்தையைக் கொடுத்ததும் அவர்கள்தான், செத்த குழந்தைக்குப் பால் மரம் வைத்ததும் அவர்கள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் நீ பார்க்க வேண்டும்.

அதே புத்தகத்தில் அப்பாவும் அம்மாவும் வளர்ந்த மகளுக்குச் சொல்லும் புத்திமதி இருக்கிறது. அப்பா அவளைக் கழுத்து மாலை என்றும் அருமையான இறகு என்றும் கூப்பிட்டுவிட்டு, பூமியில் சுகம் மட்டும் இருக்காது, களைப்பும் துக்கமும் உண்டு என்கிறார். இராத்திரி எழுந்து கும்பிடு, வீட்டைப் பெருக்கு, நூற்கக் கற்றுக்கொள். அம்மாவின் முறை வரும்போது நடை, பேச்சு, உடுப்பு பற்றியெல்லாம் வருகிறது. நான் உனக்குச் சொன்னதில் பாதி அதில் இருக்கிறது.

நேரம் இருந்தால் ஒரு நாள் இஸ்தபலாபா பக்கம் செரோ தெ லா எஸ்த்ரெய்யா மலைக்கும் போ, அந்தப் பெயரிலேயே மெட்ரோ நிலையம் உண்டு. தனியாகப் போகாதே. 52 வருசத்துக்கு ஒரு முறை ஊரில் எல்லா நெருப்பையும் அணைத்துவிட்டு, அந்த மலை உச்சியில் பலியாளின் மார்பின் மேல் புது நெருப்புக் கடைவார்கள். நெருப்புப் பற்றாவிட்டால் உலகம் முடிந்தது என்று நம்பினார்கள். அன்றைக்குக் கர்ப்பிணிகளைத் தானியக் குதிருக்குள் பூட்டி வைப்பார்கள், குழந்தைகள் எலியாக மாறிவிடாமல் தூங்கவிடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள். கடைசியாக நடந்தது 1507-இல்.

அடுத்தது மானுடவியல் அருங்காட்சியகம். திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போ. சூரியக் கல் முன்னால் கூட்டம் நிற்கும், அது கிடக்கட்டும். அதே கூடத்தில் பிரசவத்தில் இறந்து தெய்வமான பெண்ணின் சிலை ஒன்று இருக்கிறது. மண்டையோட்டு முகம், நகத்தை நீட்டிய கை, மண்டியிட்ட உட்காருதல். சிவாட்டெட்டியோ என்று கேள். ஃபிளாஷ் போடாமல் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. என்னோடு வார்டில் இருந்த சிஸ்டர்களுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா