பழைய பிலிம் கேமரா வாங்குவோரும் விற்போரும் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மும்பையில் கல்லூரி மாணவர்களிடையே பிலிம் கேமரா மோகம் மீண்டும் துளிர்த்திருக்கிறது. சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டிலும் இணையத்திலும் பழைய பென்டாக்ஸ், கேனான், யாஷிகா கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமில் படமெடுத்துத் தொழில் கற்றவன் என்ற முறையில் எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால், பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'நன்றாக வேலை செய்கிறது' என்று சொல்லி விற்பதும், அதை நம்பிப் பின்கதவைக்கூடத் திறந்து பாராமல் பணத்தைக் கொடுப்பதும் வருத்தம் தருகின்றன.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸைத்தான். மழைக்கால ஈரமும் கடற்காற்றும் சேர்ந்த மும்பையில், தோல் உறைக்குள் ஆண்டுக்கணக்காக அலமாரியில் கிடந்த கேமராவில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு; அந்தத் தோல் உறையே ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கையில் வைத்து மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கும். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, முழுவதும் திறந்து, பின்புறமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, சற்றே சாய்த்துப் பார்த்தால்தான் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போலக் கிளைவிட்டிருக்கும் இழைகள் தெரியும். தூசி ஒன்றிரண்டு இருந்தால் படம் கெட்டுவிடாது. பூஞ்சையோ கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடுமாதலால், துடைத்து எடுத்த பிறகும் அதன் தழும்பு நிற்கும். அந்தத் துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிந்து, அவை சோம்பலாக அசைகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

'பேட்டரி மட்டும்தான் இல்லை, மற்றபடி எல்லாம் சரி' என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் ஒளியை அளந்து காட்டும் மீட்டருக்கு மட்டுமே பேட்டரி தேவை. பிலிமில் ஒளி படத் திறந்து மூடும் ஷட்டர் பேட்டரி இல்லாமலே இயங்கும். 1976-இல் வெளிவந்த கேனான் ஏஇ-1-இலோ பேட்டரி இல்லாமல் ஷட்டர் அசையவே அசையாது. ஆகவே அத்தகைய கேமராவைப் பார்க்கப் போகிறவர்கள் அதற்குரிய 6 வோல்ட் பேட்டரியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பேட்டரி அறையில் பச்சை நிறத்தில் பொரிந்திருந்தால், உள்ளே ஒயர் வரை அரித்திருக்கக் கூடும். ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்ற சில கேமராக்களின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தது. அது இப்போது தயாரிக்கப்படுவதில்லை என்பதால், 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும்.

பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷட்டர் வேகத்தையும் இயக்கிப் பார்ப்பது அவசியம். பழைய கிரீஸ் கெட்டியாகிப் போன கேமராவில் 1 நொடி வேகம் பாதியிலேயே நின்றுவிடும். 1/125 நொடி வேகத்தில் மட்டும் இயக்கிக் காட்டினால் இந்தக் குறை வெளிப்படாது. துணித்திரை ஷட்டராக இருந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு, முன்புறமிருந்து டார்ச் அடித்து, இருட்டில் பின்புறமாகப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளி விழும். கதவோரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்ச் தார் போல உருகி ஒட்டுவது மட்டுமே குறையென்றால் வாங்கத் தயங்க வேண்டாம்; அதைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் அது நியாயமான காரணம்.

விற்பனையாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிலிம் போட்டு எடுத்துப் பார்த்த கேமராவா, பேட்டரி போட்டு மட்டும் பார்த்ததா, எதையுமே சோதிக்காததா என்பதை ரசீதில் எழுதிக் கொடுங்கள். ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும் வரையிலாவது திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வாங்குபவருக்கு அளியுங்கள். சோதிக்காத கேமராவைச் சோதிக்காதது என்றே சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதில் தவறே இல்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதையும் விரும்பி வாங்குவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டூடியோ உரிமையாளர்,
மாட்டுங்கா, மும்பை.