பாம்பர் ஜாக்கெட் எடுக்கலாமான்னு கேட்டியே

டேய் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு, உடனே எழுதணும்னுதான் நினைச்சேன், அம்மாவுக்கு கண் ஆபரேஷன், நாலு வேளை சொட்டு மருந்துன்னு ஓடிடுச்சு. இப்ப பேப்பர்ல இருக்குற பொடி எழுத்தையும் கண்ணாடி இல்லாம படிக்கிறாங்கடா, அதைப் பாக்குறப்ப வர்ற நிம்மதிய எழுத்துல சொல்லத் தெரியல. உன் முழங்கால் எப்படி இருக்கு? படி ஏறுறத கொஞ்ச நாளைக்கு விடு, சொன்னா கேளு.

பையன் குளிர் நாட்டுக்குப் படிக்கப் போறான், இடுப்போட நிக்கிற அந்த பாம்பர் ஜாக்கெட் வேணும்னு நிக்கிறான், ரெண்டு வருஷத்துல போயிடுற ஃபேஷனான்னு கேட்டிருந்த. தயங்காம எடுத்துக் குடு. நான் பதினஞ்சு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் போடுறேன், உனக்கே தெரியும், நாம கடைசியா பாத்தப்பவும் அந்த பச்சைதான் போட்டிருந்தேன், அதுல ஒரு நாள் கூட எனக்கு அலுப்பு வந்ததில்ல.

ஏன்னு நானும் ரொம்ப யோசிச்சிருக்கேன். அழகுக்காகன்னு அதுல ஒரு தையல் கூட கிடையாதுடா, எல்லாம் விமானிங்க தேவைக்காக வந்தது. 1931ல அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு ஏ-2ன்னு ஒரு தோல் ஜாக்கெட்ட எடுத்துக்குச்சு, அப்பல்லாம் விமானி உக்கார்ற இடத்துல ஹீட்டர்னு சொல்லிக்க ஒண்ணும் இருக்காது, மேல போகப்போக குளிர் எலும்பத் தொடும், அதனாலதான் கையிலயும் இடுப்புலயும் ஸ்வெட்டர் மாதிரி இழுத்தா நீளுற பின்னல் பட்டை, காத்து உள்ள புகாது. இடுப்போட நிக்கிறதும் அதே கதைதான், பல மணி நேரம் உக்காந்தே இருக்குற ஆளுக்கு நீளக் கோட்டு தொடையில மடிஞ்சு தொல்லை குடுக்கும்.

அப்புறம் ஜெட் விமானம் வந்துச்சு, இன்னும் உசரம், இன்னும் குறுகலான இடம். தோல் நனைஞ்சுதுன்னா மேல போனதும் விறைச்சுப்போயிடும், கனமும் ஜாஸ்தி, அதனால நைலானுக்கு மாறினாங்க. நடுவுல வந்த ஒரு மாடல்ல கழுத்துல ஒரு ரோமக் காலர் உண்டு, அது பாராசூட் வாரோட இடிக்குதுன்னு தூக்கிட்டு, வெறும் பின்னல் காலர் வச்சாங்க. 1950 வாக்குல வந்த அந்த எம்ஏ-1தான் இன்னிக்கு நாம பாம்பர்னு சொல்ற உருவம். இடது கையில ஜிப் வச்ச குட்டி பாக்கெட் இருக்குல்ல, அது பேனா சொருக, பெல்ட் போட்டு உக்காந்தவன் கைக்கு எட்டுற இடம் அதுதானே.

எனக்கு ரொம்பப் பிடிச்சது உள்பக்க ஆரஞ்சுதான். 1960 வாக்குல சேர்த்தது. வெளிப்பக்கம் பச்சை, விமானம் விழுந்து உயிரோட தப்பிச்சா ஜாக்கெட்ட திருப்பிப் போட்டுக்கணும், தேடி வர்றவங்க கண்ணுல தூரத்துலயே படும். மறைஞ்சுக்க ஒரு பக்கம், கண்டுபிடிக்கப்பட ஒரு பக்கம், ஒரே துணியில. இத முதல்ல தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு என் ஜாக்கெட்ட கழட்டி மடியில வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்டா.

நைலான் தீப்பிடிச்சா உருகி உடம்புல ஒட்டிக்கும், அதனால 1970கள்ல விமானப்படை தீயத் தாங்குற வேற துணிக்குப் போயிடுச்சு. பைலட்டுங்க விட்ட பிறகும் தெருவுல விடல பாரு. மிச்ச ராணுவ ஸ்டாக்க வாங்கிப் போட்ட பசங்க, பங்க் பாட்டுக் கூட்டம், அப்புறம் பெரிய டிசைனருங்கன்னு எல்லாரும் தொட்டாச்சு, ஆனா அந்த வெட்டு மட்டும் அப்படியே இருக்கு. ஜப்பான்ல யோகோசுகா பக்கம் போருக்குப் பிறகு அமெரிக்க சிப்பாய்ங்க டிராகன், புலின்னு எம்ப்ராய்டரி போட்டு வாங்கிட்டுப் போன பளபள ஜாக்கெட் இருக்கே, அதுவும் இதோட சொந்தக்காரன்தான், எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி.

ஒண்ணு மட்டும் பையன்கிட்ட சொல்லிடு. எம்ஏ-1ஐ நடுத்தரக் குளிருக்குன்னுதான் செஞ்சாங்க, மைனஸ் 10லேர்ந்து 10 டிகிரி செல்சியஸ் வரைக்கும், அதுவும் அசல் கனத்துல இருந்தா. கடைல இப்ப தொங்குறதுல பாதி வெறும் மெல்லிசு துணி. இடுப்புக்குக் கீழ எதுவும் மூடாது, பனி கொட்டுற மாசத்துக்கு தனியா ஒரு நீளக் கோட்டு வேணும், அதுல கஞ்சம் பிடிக்காத.

வாங்குறப்ப பின்னல் பட்டைய நல்லா இழுத்து விட்டுப் பாரு, சட்டுனு சுருங்கணும், அதுதான் முதல்ல போற இடம். என்னோடது அஞ்சு வருஷம் முன்னாடி தொளதொளன்னு ஆகிடுச்சு, டெய்லர்கிட்ட குடுத்து கை ரெண்டும் இடுப்பும் புதுசா மாத்தினேன், இன்னும் உழைக்குது. இப்ப அதுக்கும் சண்டை, பொண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டு காலேஜ் போறா, அவ தோளுக்குப் பெருசுதான், ஆனா என்னைவிட அவளுக்கு நல்லாருக்கு, திருப்பிக் கேக்க மனசு வரல.

கருப்பா பச்சையான்னு அவனையே எடுக்க விடு. தோள் அளவையும் கை நீளத்தையும், உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அளந்து எழுதி அனுப்பு, போறதுக்கு முன்னாடி நானே பாத்து வாங்கி வக்கிறேன், இது என் பங்கு, வேண்டாம்னு சொல்லாத.

அன்போட,
உன் பழைய ரூம்மேட்